திரும்பி வந்தவருக்குக் கல் இல்லை

ஜனவரி 14 இந்தியாவின் முன்னாள் படைவீரர் நாள். இந்தியர்களில் முதன்முதலாக ராணுவத் தலைமைத் தளபதியான கே.எம். கரியப்பா 1953இல் அந்தத் தேதியில்தான் ஓய்வு பெற்றார். 2017 முதல் அந்த நாளை நாடெங்கும் அனுசரிக்கிறார்கள். தமிழ்நாட்டில் அன்று போகியோ பொங்கலோ வந்துவிடும், பள்ளிக்கூடம் பூட்டியிருக்கும். அதனால் ராஜபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டாரத்தில் வன்னியம்பட்டி போன்ற ஓர் ஊரில் படிக்கும் பிள்ளைக்கு அப்படியொரு நாள் இருப்பதே தெரிய வழியில்லை. அதே வாரத்தில்தான், விடுப்புக் கிடைத்த படைவீரர்கள் கறுப்பு டிரங்குப் பெட்டியோடு ஊர் வந்து சேர்கிறார்கள்.

பிள்ளைகளுக்குத் தெரிந்த கொடிநாள் டிசம்பர் 7. சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் என்று முப்படைகளின் நிறம் தாங்கிய சின்னக் கொடியைச் சட்டையில் குத்திக்கொண்டு உண்டியலில் காசு போடுவார்கள். 1949இல் தொடங்கிய ஏற்பாடு இது. அதற்கு முன்பு வெள்ளையர் ஆட்சியில், முதல் உலகப் போர் முடிந்த நவம்பர் 11ஐ ஒட்டி பாப்பிப் பூ விற்று நிதி திரட்டுவார்கள். கொடிநாள் காசு முன்னாள் படைவீரர் நலத்துறை வழியாகக் கணவனை இழந்தவர்களுக்கும், ஊனமுற்ற வீரர்களுக்கும், அவர்களின் பிள்ளைகளுடைய படிப்புக்கும் போகிறது. நல்ல காரியம். ஆனால் அந்தக் காசு யாருக்குப் போகிறது, அவர் எந்தத் தெருவில் இருக்கிறார் என்று வகுப்பில் யாரும் சொல்வதில்லை. ஊரில் ‘மிலிட்டரிக்காரர் வீடு’ என்றால் வழி காட்டத் தெரிந்த பிள்ளைக்கு அந்த வீட்டுக்காரர் எங்கே இருந்தார், என்ன வேலை செய்தார் என்று தெரியாது. வங்கி வாசலில் இரட்டைக்குழல் துப்பாக்கியோடு நாற்காலியில் இருப்பவர் பதினேழு ஆண்டு பனியிலும் மணலிலும் நின்றவராக இருக்கலாம். பிள்ளைகளுக்கு அவர் காவலாளி மட்டுமே.

முன்னாள் படைவீரர்களைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர உலகம் முழுவதும் பள்ளிகள் கையாளும் முதல் வழி, நினைவுச் சின்னத்துக்கு அழைத்துப் போவது. அதில் ஒரு முரண் இருக்கிறது. நினைவுச் சின்னம் இறந்தவருக்கு எழுப்பப்படுவது. முன்னாள் படைவீரரோ பெரும்பாலும் பிழைத்து வந்தவர். கல்லைப் பார்த்துவிட்டு வரும் பிள்ளை, தியாகம் என்றால் சாவு என்றுதான் படித்துக்கொண்டு வரும்; உயிரோடு திரும்பி, பஞ்சாயத்துக் குழாயடியில் தன் முறைக்காகக் காத்திருப்பவர் அந்தப் பாடத்துக்குள் வரமாட்டார். நினைவிடப் பயணம் வேண்டும் என்றே நான் சொல்கிறேன். அது அந்தக் குழாயடியில் தொடங்கி அங்கேயே வந்து முடிய வேண்டும் என்றும் சொல்கிறேன்.

அரசுத் திட்டங்கள் சில ஆண்டுகளாக இந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன. டில்லியில் இந்தியா கேட் அருகே 40 ஏக்கரில் அமைந்த தேசிய போர் நினைவிடம் 2019 பிப்ரவரி 25 அன்று திறக்கப்பட்டது. விடுதலைக்குப் பின் உயிர்நீத்த 25,942 பேரின் பெயர்களைத் தனித்தனிக் கருங்கல் பலகைகளில் பொறித்தார்கள். என்சிஇஆர்டி 7ஆம் வகுப்புப் பாடத்தில் இந்த நினைவிடம் பற்றி ஒரு பகுதி சேர்க்கப்பட்டுள்ளது. 2021இல் தொடங்கிய ‘வீர் காதா’ திட்டத்தில் பள்ளிப் பிள்ளைகள் வீர விருது பெற்றவர்களைப் பற்றிக் கட்டுரை, கவிதை, ஓவியம் அனுப்புகிறார்கள். முதல் ஆண்டில் எட்டு லட்சம் அளவில் இருந்த பங்கேற்பு இரண்டே ஆண்டில் கோடியைத் தாண்டியது. என்.சி.சி. மாணவர்கள் 2022 முதல் உயிர்நீத்தோரின் வீடுகளுக்கே போய் நன்றிப் பட்டயம் கொடுத்து வருகிறார்கள். இவற்றில் இந்தக் கடைசி ஏற்பாடுதான் எனக்கு மிகவும் பிடித்தது. அதில் ஒரு பிள்ளை ஒரு வீட்டின் படியேறுகிறது.

மற்றவற்றில் குறை சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் அவற்றில் விருது இல்லாமல் உயிரோடு திரும்பியவருக்கு இடமில்லை. படையில் சேர்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் சிப்பாயாகச் சேர்ந்து, நாயக்காகவோ ஹவில்தாராகவோ உயர்ந்து, நாற்பது வயதை ஒட்டி ஊர் திரும்பியவர்கள். ஓட்டுநர், சமையற்காரர், கம்பியில்லாத் தந்தி இயக்குபவர், மருத்துவமனை உதவியாளர், பாலம் கட்டுபவர் என்று அவர்கள் வேலை பலவகை. அவர்களைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லி எந்தச் சுற்றறிக்கையும் வரவில்லை. திருவில்லிபுத்தூரிலிருந்து டில்லி 2,500 கிலோமீட்டருக்கும் அப்பால். ஓர் அரசுப் பள்ளி அங்கே எத்தனை பிள்ளைகளை அழைத்துப் போக முடியும்?

கல்லுக்கு வருவோம். போரில் விழுந்தவனுக்குக் கல் நடும் வழக்கத்தைத் தமிழ்நாட்டுப் பிள்ளை டில்லிக்குப் போய்த் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. வருசநாட்டு மலைக்கு வடக்கே, ஆண்டிப்பட்டிப் பக்கம் புலிமான்கோம்பையில் 2006இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூன்று நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். தமிழி எழுத்துப் பொறித்த அவை கிறிஸ்துவுக்கு முந்தைய நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. அவற்றில் ஒன்று, கூடலூரில் நடந்த ஆநிரைப் பூசலில் மாண்ட அந்தவன் என்பவனின் கல். எத்தனை குறைவான சொற்கள்! ஊர் இருக்கிறது, காரணம் இருக்கிறது, ஆள் பெயர் இருக்கிறது. மன்னன் பெயர்கூட இல்லை. பல்லவர் காலத்துச் செங்கம் நடுகற்களிலும் இதே கணக்கு தொடர்கிறது. அங்கே மன்னனின் ஆட்சியாண்டும் சேர்ந்துகொள்கிறது. எடுத்தனூரில் உள்ள நடுகல் முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. தொறு எனும் மாட்டு மந்தையை மீட்கப்போய் இறந்த கருந்தேவக்கத்தி அதில் நிற்கிறான். அவன் அருகே அவனுடைய நாயும் நிற்கிறது. கோவிவன் என்று அந்த நாயின் பெயரையும், அது கள்ளரைக் கடித்துக் காத்து நின்ற செய்தியையும் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். ராஜபாளையம் நாயைத் தோட்டத்து வாசலில் பார்த்து வளர்ந்த பிள்ளைகளிடம் இந்தக் கல்லின் படத்தைக் காட்டுங்கள். நினைவுச் சின்னம் எதற்காக என்ற பாடத்தில் பாதி அங்கேயே நடந்துவிடும்.

அந்த வழக்கம் உள்ள நாட்டிலேதான் 1918க்குப் பிறகு இன்னொரு வகைக் கல் வந்தது. இந்த ஊரிலிருந்து முதல் உலகப் போருக்கு இத்தனை பேர் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று ஆங்கிலத்தில் பொறித்த பளிங்குப் பலகைகளை ஆங்கில அரசு இந்தியா முழுவதும் பதித்தது. தமிழ்நாட்டிலும் பழைய கச்சேரிச் சுவர்களிலும் சந்தை முகப்புகளிலும் அவற்றைப் பார்க்கலாம். அவற்றில் எண் இருக்கும், பெயர் இருக்காது. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் மாடு கவரும் சண்டையில் செத்தவனுக்குக் கிடைத்த பெயர், மெசபடோமியாவில் செத்தவனுக்குக் கிடைக்கவில்லை.

இது ஊர்ப் பலகையோடு நிற்கவில்லை. ஈராக்கில் உள்ள பாஸ்ரா நினைவுச் சின்னத்தில் இந்திய அதிகாரிகளின் பெயர்களைப் பொறித்தவர்கள், சாதாரணச் சிப்பாய்களை அவரவர் ரெஜிமென்ட் பெயருக்குக் கீழே எண்ணிக்கையாக மட்டும் குறித்தார்கள். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் அமைத்த சிறப்புக் குழு 2021 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கை இதை ஒப்புக்கொண்டது. இந்தியா, ஆப்பிரிக்கா, எகிப்து முதலிய இடங்களைச் சேர்ந்த 45,000 முதல் 54,000 பேர் வரை சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டிருக்கிறார்கள்; மேலும் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரால் நினைவுகூரப்படவே இல்லை என்று அது சொல்கிறது. ஆணையம் மன்னிப்புக் கேட்டது. பத்தாம் வகுப்பு வரலாற்றுப் பாடத்தில் முதல் உலகப் போரைப் படிக்கும் பிள்ளைக்கு இந்த ஓர் அறிக்கையே நல்ல பயிற்சிப் புத்தகம்.

பெயரைத் தேடிப் போவதற்குப் பேருந்து வேண்டாம். அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் இன்று உயர் தொழில்நுட்ப ஆய்வகங்கள் இருக்கின்றன. போர்க் கல்லறை ஆணையத்தின் தரவுத்தளத்தில் இரண்டு உலகப் போர்களிலும் இறந்த 17 லட்சம் பேரின் விவரம் உள்ளது. யாரும் இலவசமாகத் தேடலாம். இரண்டாம் உலகப் போரில் இறந்த இந்திய வீரர்கள் பலருக்குத் தகப்பன் பெயர், ஊர், மாவட்டம் எல்லாம் குறிக்கப்பட்டிருக்கும். இங்கே ஆசிரியர் ஒன்றைச் சொல்லித்தர வேண்டும்: விருதுநகர் மாவட்டம் என்று தேடினால் எதுவும் வராது. அந்தப் பெயரில் அன்று மாவட்டம் இல்லை. 1985இல்தான் இது தனி மாவட்டமானது. 1910 முதல் இந்தப் பகுதி ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது, அதற்கு முன் திருநெல்வேலியில். ஆகவே ராமநாட், டின்னவெல்லி என்று அன்றைய ஆங்கில எழுத்துக்கூட்டலில் தேட வேண்டும். ஊர்ப் பெயரையும் பல விதமாக எழுதிப் பார்க்க வேண்டும். தன் தாலுகாவைச் சேர்ந்த ஒருவர் பெயர் ரங்கூன் அருகே தாக்யானில், ஏறத்தாழ 27,000 பெயர்களுக்கு நடுவிலோ, சிங்கப்பூர் கிராஞ்சியில் 24,000 பெயர்களுக்கு நடுவிலோ கிடைக்கும்போது, அந்தப் பிள்ளைக்குப் பர்மாவும் மலாயாவும் வரைபடத்தில் வேறு விதமாகத் தெரியத் தொடங்கும்.

அதே மலாயாவில் அதே ஆண்டுகளில் இந்திய தேசிய ராணுவத்தில் (ஐ.என்.ஏ.) சேர்ந்த தமிழர்கள் இந்தப் பட்டியலில் வரமாட்டார்கள். சிங்கப்பூர் எஸ்பிளனேடில் 1945 ஜூலையில் அவர்களுக்காகச் சுபாஷ் சந்திர போஸ் அடிக்கல் நாட்டிய நினைவுச் சின்னத்தை, திரும்பி வந்த பிரிட்டிஷ் படை தகர்த்தது. 1995இல்தான் அந்த இடத்தில் ஓர் அடையாளம் வைக்கப்பட்டது. தென் மாவட்டங்களில் ஒரே குடும்பத்தில் அண்ணன் பிரிட்டிஷ் இந்தியப் படையிலும் தம்பி ஐ.என்.ஏ.விலும் இருந்திருக்கலாம். ஒருவர் முன்னாள் படைவீரர், மற்றவர் தியாகி. பிள்ளைகள் இரண்டு பேரையும் தேடட்டும்.

பிற நாடுகளில் பிள்ளைகளை எப்படி அழைத்துப் போகிறார்கள் என்று பார்த்தால், பெரிய அணிவகுப்புகளைவிடச் சின்ன ஏற்பாடு ஒன்றே என்னைக் கவர்கிறது. நெதர்லாந்தில் ஆர்னெம் போரில் 1944 செப்டம்பரில் இறந்தவர்களின் கல்லறைத் தோட்டம் ஊஸ்டர்பீக்கில் உள்ளது; 1,700க்கும் மேற்பட்ட கல்லறைகள். 1945 முதல் ஒவ்வோர் ஆண்டும் அந்த வட்டாரப் பள்ளிப் பிள்ளைகள் கையில் பூவோடு ஆளுக்கொரு கல்லறை முன் நின்று, ஒரே நேரத்தில் குனிந்து வைக்கிறார்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு பெயர். அவ்வளவுதான் முறை. இங்கிலாந்து அரசு முதல் உலகப் போரின் நூற்றாண்டை ஒட்டி 2014 முதல் 2019 வரை, ஒவ்வோர் அரசு உயர்நிலைப் பள்ளியிலிருந்தும் இரண்டு மாணவர்களையும் ஓர் ஆசிரியரையும் பெல்ஜியம், பிரான்ஸ் போர்க்களங்களுக்கு அனுப்பியது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் கல்வி நிறுவனம் அந்தப் பயணங்களை வடிவமைத்தது. போய்வந்தவர்கள் தங்கள் ஊரில் பலரிடம் அதைச் சொல்ல வேண்டும் என்பதும் அதில் ஒரு பகுதி. பிரான்சின் வில்லர்ஸ்-பிரெத்தனோ என்ற ஊரில் போரில் இடிந்த பள்ளியை ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலப் பள்ளிப் பிள்ளைகள் திரட்டிய காசில் கட்டி 1927இல் திறந்தார்கள். அந்தப் பள்ளியில் இன்றும் ஆஸ்திரேலியாவை மறவாதே என்று எழுதியிருக்கிறது. நம் பிள்ளைகளின் கொடிநாள் உண்டியலுக்கும் அப்படியொரு முகவரி வேண்டும்.

வன்னியம்பட்டிப் பக்கத்திலிருந்து எங்கே போகலாம்? பொதிகை எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் காலையில் சென்னை. மெரினாவின் வட முனையில் போர் வெற்றி நினைவுச் சின்னம் உள்ளது. முதல் உலகப் போரில் நேச நாடுகள் வென்றதற்காக எழுந்த அதில், பின்னர் 1948 காஷ்மீர், 1962, 1965 போர்களும் சேர்க்கப்பட்டன. ஓர் ஆட்சி கட்டியதை அடுத்த ஆட்சி எப்படித் தனதாக்கிக்கொள்கிறது என்று காட்ட அதைவிட நல்ல இடம் இல்லை. நந்தம்பாக்கத்தில் 1952இல் அமைத்த மதராஸ் போர்க் கல்லறைத் தோட்டம். இரண்டாம் உலகப் போரில் இறந்த 850க்கும் மேற்பட்டோர் அங்கே வரிசையாகப் படுத்திருக்கிறார்கள். பெரும்பாலான கற்களில் வயதும் இருக்கிறது. பத்தொன்பது, இருபது, இருபத்திரண்டு. பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் அந்த வயதுகளைத் தானே கணக்குப் போட்டுக்கொள்வான். ஆசிரியர் வாய் திறக்கத் தேவையில்லை.

திருச்சியில் மேஜர் மாரியப்பன் சரவணனுக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. பீகார் ரெஜிமென்டின் முதல் பட்டாலியனைச் சேர்ந்த அவர் 1999 மே மாத இறுதியில் கார்கில் போரின் படாலிக் பகுதியில் விழுந்தார்; உடலைக் கீழே கொண்டுவர ஒரு மாதத்துக்கும் மேல் ஆயிற்று. ராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூர், 2020 ஜூன் 15 அன்று கல்வானில் உயிர்நீத்து வீர் சக்ரா பெற்ற ஹவில்தார் பழனியின் ஊர். தூத்துக்குடி மாவட்டம் சவலாப்பேரி, 2019 பிப்ரவரி 14 புல்வாமா தாக்குதலில் இறந்த நாற்பது பேரில் ஒருவரான சுப்பிரமணியனின் ஊர். அவர் மத்திய ரிசர்வ் போலீஸ் படையைச் சேர்ந்தவர். ஊர் மக்கள் இருவரையும் ராணுவ வீரர் என்றே சொல்வார்கள். ஆனால் தேசிய போர் நினைவிடத்தில் முப்படையினர் பெயர்தான் இருக்கும். காவல் படையினருக்கு 2018இல் டில்லி சாணக்கியபுரியில் தனி நினைவிடம் திறந்தார்கள். பென்ஷன், கேண்டீன், சலுகை எல்லாவற்றிலும் இந்த வேறுபாடு குடும்பத்தைத் தொடர்ந்து வருகிறது. இதைப் பிள்ளைகள் அறிய வேண்டும்.

இரண்டு பக்கமும் கல் நிற்கும் இடங்கள் பாடத்துக்கு இன்னும் நல்லவை. பாஞ்சாலங்குறிச்சிக்கு இங்கிருந்து ஒரே நாளில் போய்வரலாம். 1974இல் தமிழக அரசு கட்டிய கட்டபொம்மன் நினைவுக் கோட்டையைப் பார்த்துவிட்டு பிள்ளைகள் பேருந்தில் ஏறிவிடுவதுதான் வழக்கம். பக்கத்தில் அங்கே நடந்த போர்களில் செத்த ஆங்கிலேயரின் கல்லறைகளும் இருக்கின்றன. அங்கேயும் ஒரு நடை போக வேண்டும். கும்பினிப் படையில் பெரும்பாலோர் இந்த நாட்டுச் சிப்பாய்களே. அந்தச் சிப்பாய்களுக்குப் பெயர் எங்கே என்று ஏதாவது ஒரு பிள்ளை கேட்கும். வேலூரில் 1806 ஜூலை 10 சிப்பாய் எழுச்சிக்கு மக்கான் பகுதியில் நினைவுத் தூண் உண்டு. ஒவ்வொரு ஜூலை 10 அன்றும் மலர்வளையம் வைக்கிறார்கள். அந்த எழுச்சியில் கொல்லப்பட்ட ஆங்கிலேயச் சிப்பாய்களின் கல்லறைத் தோட்டமும் அதே ஊரில் உள்ளது. புதுத் தலைப்பாகையும், நெற்றிக் குறியை அழிக்கும் உத்தரவும் கிளப்பிய கோபம் எப்படி ஒரு கோட்டையைப் பிடித்தது என்பதை இரண்டு இடத்திலும் நின்று பேசலாம்.

பயத்தைப் பற்றியும் பேச வேண்டும். பாளையங்கோட்டையின் பெயரைத் தாங்கிய 63ஆம் பாளையங்கோட்டை இலகு காலாட்படை 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்காவில் கரையிறங்கியது. கப்பலில் நாள்கணக்கில் அடைந்து கிடந்து சோர்ந்த ஆட்கள், பழக்கமில்லாத புதர்க்காடு, முன்னே ஜெர்மானியரின் இயந்திரத் துப்பாக்கிகள். படை சிதறியது. கலைந்த தேனீக் கூட்டம் இரு தரப்பையும் கொட்டியதால் தேனீக்களின் போர் என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. ஆங்கில வரலாறுகள் இந்தப் படையைக் கடுமையாகத் தூற்றுகின்றன. ஓடியவர்களும் மனிதர்கள், அவர்களை அந்தக் கரையில் இறக்கிவிட்ட திட்டத்தின் பிழையும் உண்டு. வீரத்தை மட்டும் சொல்லித்தந்தால், பின்னாளில் ஒரு முன்னாள் படைவீரர் தூக்கத்தில் எழுந்து கத்தும்போது அந்தப் பிள்ளைக்கு அவரைப் புரியாது.

தமிழ்நாட்டில் இந்தப் பாடத்தின் மிகக் கடினமான பக்கம் இலங்கை. 1987 முதல் 1990 வரை அங்கே நின்ற இந்திய அமைதிப்படையில் ஏறத்தாழ 1,200 பேர் இறந்தார்கள். 1987 நவம்பர் 25 அன்று யாழ்ப்பாணப் பகுதியில் விழுந்த மேஜர் ராமசாமி பரமேஸ்வரனுக்குப் பரம்வீர் சக்ரா வழங்கப்பட்டது. சென்னையில் ஒரு ராணுவக் குடியிருப்பு அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. கொழும்பு அருகே அமைதிப்படைக்கு நினைவுச் சின்னமும் உண்டு. அதே படையின் நடவடிக்கைகளில் ஈழத் தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். 1990 மார்ச்சில் கடைசி அணி சென்னைத் துறைமுகத்தில் இறங்கியபோது அன்றைய முதல்வர் மு. கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. தமிழரைக் கொன்ற படையை வரவேற்க முடியாது என்பது அவர் நிலை. அந்தக் கப்பலிலும் தமிழ்நாட்டு கிராமங்களின் பிள்ளைகள் இருந்தார்கள். போ என்ற உத்தரவுக்குப் போனவர்கள், வந்தபோது சொந்த மண்ணில் பேச முடியாத ஒன்றைச் சுமந்து வந்தார்கள். முப்பத்தைந்து ஆண்டுகளாகப் பலர் அதைப் பற்றி வாயே திறப்பதில்லை. ஒரு போர் சரியா, தவறா என்று பிள்ளைகள் கேட்கலாம், கேட்க வேண்டும். போனவரை மதித்துக்கொண்டே அனுப்பியவரைக் கேள்வி கேட்க முடியும் என்று ஆசிரியர் நடந்து காட்ட வேண்டிய இடம் இது. பாடநூல் கைகொடுக்காது; ஆசிரியரின் துணிச்சல்தான் கைகொடுக்கும்.

ஆக, திரும்பி வந்தவரிடம் எப்படிப் போவது? முதலில் அவர் விருப்பத்தைக் கேட்க வேண்டும். சுதந்திர தினத்தன்று மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தி, இரண்டு நிமிடம் பேசச் சொல்லி, மிட்டாய் கொடுத்து அனுப்புவதால் பிள்ளைகள் எதையும் கற்பதில்லை. நாலைந்து பிள்ளைகள், ஓர் ஆசிரியர், அவர் வீட்டுத் திண்ணை, அது போதும். வேண்டாம் என்றால் கும்பிட்டுவிட்டு வந்துவிட வேண்டும். கணவனையோ மகனையோ இழந்த வீட்டுக்குப் பிள்ளைகளை அனுப்புவதற்கு முன் அந்த அம்மாவிடம் பெரியவர் ஒருவர் தனியாகப் போய்ப் பேசியிருக்க வேண்டும். அழுகையைப் படம் பிடிக்கக் கூடாது. கைபேசியை ஆசிரியரே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

எத்தனை பேரைச் சுட்டீங்க தாத்தா என்பதுதான் எந்தப் பையனுக்கும் முதலில் வாயில் வரும் கேள்வி. சினிமா அப்படிப் பழக்கியிருக்கிறது. அதைத் தடுத்து நிறுத்துவதைவிட, வேறு நல்ல கேள்விகளைக் கொடுத்து அனுப்பலாம். முதல் நாள் என்ன சாப்பாடு போட்டாங்க? இந்தி எப்படிக் கத்துக்கிட்டீங்க? லெட்டர் போய்ச் சேர எத்தனை நாள் ஆகும்? மணியார்டரில் எவ்வளவு அனுப்புவீங்க, அதில் வீட்டில் என்ன செஞ்சாங்க? டிரங்குப் பெட்டியில் வெள்ளைப் பெயின்டில் எழுதியிருக்கும் எண் என்ன? பழைய படைவீரர் எவரும் தன் ராணுவ எண்ணை மறந்திருக்கமாட்டார். வீட்டாரும் ‘56 ஏ.பி.ஓ.’ என்ற முகவரியை மறந்திருக்கமாட்டார்கள். பல இடங்களுக்கும் பொதுவான அந்த அஞ்சல் முகவரியில், தன் கணவன் எந்த மலையில் இருக்கிறான் என்று தெரியாமலேயே பத்தாண்டு கடிதம் எழுதிய பெண் அதே வீட்டில்தான் இருப்பார். அவரையும் கேளுங்கள். படைவீரரின் பணிக்காலம் அவர் பக்கத்திலும் ஓடியிருக்கிறது: பிரசவம், கிணறு வெட்டு, மாமியார் சாவு, எல்லாம் தனியாக.

இந்தச் சந்திப்புகள் படைக்கு ஆள் சேர்க்கும் கூட்டமாக மாறிவிடக் கூடாது. தென் மாவட்டங்களில் விடியற்காலையில் சாலையோரம் ஓடிப் பழகும் பையன்களை எல்லாரும் பார்த்திருப்போம். அவர்களில் பலரை ஓட வைப்பது நாட்டுப்பற்றோடு சேர்ந்து மாதச் சம்பளமும்தான். அதில் இழிவு எதுவும் இல்லை. மழை நம்பிய மானாவாரி நிலமும், தீப்பெட்டி, பட்டாசு வேலையும் உள்ள மாவட்டத்தில் ஒரு வீட்டில் ஒருவர் படைக்குப் போனதால் தங்கை கல்லூரிக்குப் போயிருப்பாள். அந்தக் காசுக் கணக்கைப் பெரியவரே பிள்ளைகளிடம் சொல்லட்டும். போகலாமா வேண்டாமா என்பதை அந்தப் பையன் பிறகு தன் வீட்டில் பேசி முடிவு செய்துகொள்வான்.

கேட்டதை எங்கே வைப்பது? ஒவ்வொரு பள்ளியும் தன் ஊருக்கு ஒரு பதிவேடு தொடங்கலாம். பெயர், படைப்பிரிவு, சேர்ந்த ஆண்டு, நின்ற இடங்கள், திரும்பிய ஆண்டு, அவர் சொல்ல விரும்பியது ஒரு பக்கம். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் துணையோடு இதைத் தொடங்குவது எளிது. டிசம்பர் 7க்கு உண்டியல் வரும் வாரத்திலேயே தெருத்தெருவாகப் போகலாம். ஜனவரியில் விடுப்பில் வருபவர்களிடம் பிள்ளைகள் தங்கள் தெருவிலேயே பேசிவிடலாம். பொங்கல் முடிந்து பள்ளி திறந்ததும் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்க்கலாம். பாஞ்சாலங்குறிச்சிக்கோ திருச்சிக்கோ நந்தம்பாக்கத்துக்கோ பயணம் போவது அதற்குப் பிறகு. போகும்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் கையில் இரண்டு பெயர்: கல்லில் தேட வேண்டிய ஒன்று, ஊரில் கேட்டு எழுதிய ஒன்று. முடிந்தால் அந்த ஊர்ப் பெரியவரில் ஒருவரையும் பேருந்தில் ஏற்றிக்கொள்ளுங்கள். நினைவிடத்தின் முன் அவர் எப்படி நிற்கிறார், எந்தப் பெயரிடம் கூடுதலாக நிற்கிறார் என்பதைப் பிள்ளைகள் பார்க்கட்டும்.

பதிவேட்டில் யார் யார் வரலாம் என்ற கேள்வி விரைவில் எழும். 2022இல் அறிவித்த அக்னிபத் திட்டத்தில் சேரும் வயது பதினேழரையிலிருந்து தொடங்குகிறது; பணி நான்கு ஆண்டு. கால்வாசிப் பேர் வரைதான் நிரந்தரப் பணியில் தொடர்வார்கள். முதல் அணிக்கு 2026 கடைசியிலிருந்து காலம் முடிகிறது. அதாவது அண்மையில் பன்னிரண்டாம் வகுப்பை முடித்துப் போன பையன், இருபத்திரண்டு வயதில் ஊர் திரும்பக்கூடும். திட்டத்தின் விதிப்படி அவருக்குப் பென்ஷன் இல்லை, முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் இல்லை. பள்ளிப் பதிவேட்டில் அவர் பெயரை எழுத அந்த விதி தடையில்லை. அவருக்குப் பாடம் நடத்திய ஆசிரியர் இன்னும் அதே பள்ளியில் இருப்பார். அவர் விட்டுப்போன வகுப்பில் அவருடைய தம்பி படித்துக்கொண்டிருப்பான். முதல் கேள்வியை அந்தத் தம்பியே கேட்கட்டும்.